நடையும் ஒரு மருந்தே

முன்பெல்லாம் நம்மவர்கள் இருவர் வழியில் சந்தித்துக் கொண்டால், "சௌக்கியந்தானே?" என்று ஒருவர் கேட்பார், "பகவான் புண்ணியத்தில் சௌக்கியம்" என்று மற்றவர் சொல்லுவார். அத்துடன் தேக நிலையைப் பற்றிய பேச்சு முடிந்துபோகும். இக்காலத்திலோ நாற்பது வயதைத் தாண்டிய இருவர் சந்தித்தால், "உங்களுக்குச் சர்க்கரை எவ்வளவு?" என்பதே முதற் கேள்வியாக இருக்கிறது. கேட்கப்பட்டவரும், பரீட்சையில் வாங்கிய மார்க்கைச் சொல்லும் மாணவனைப்போல், "வெறும் வயிற்றில் 150, சாப்பிட்ட பின் 230" என்று கூசாமல் ஒப்புவிக்கிறார். "பூ! எனக்கு அதற்கும் மேலே!" என்று மற்றவர் பெருமையடைகிறார். கல்யாணப் பந்தியில் இலைக்கு இலை இந்த விசாரணை நடக்கிறது. விசாரணை முடிவதற்குள் ஜாங்கிரியும் முடிந்துவிடுகிறது.

இதில் சிரிப்பதற்கு இடமுண்டு. சிரித்துவிட்டுப் போவதற்குத்தான் இடமில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நடந்து, 2023-ம் வருஷத்தில் வெளியான கணக்கின்படி, நமது தேசத்தில் நீரிழிவு உள்ளவர்கள் சுமார் 10 கோடிப் பேர். அந்த வாசற்படியில் வந்து நிற்பவர்கள் இன்னும் 13 கோடிக்கு மேற்பட்டவர்கள். அந்தப் பத்துக் கோடியில் நானும் ஒருத்தி. எனக்கு இந்த வியாதி இருப்பது தெரிந்து ஐந்து வருஷங்கள் ஆகின்றன.

அன்று வைத்தியர் எழுதித் தந்த சீட்டை இன்னும் வைத்திருக்கிறேன். அதில் ஒரு மாத்திரையின் பெயர் இருந்தது. எத்தனை மில்லிகிராம் என்று இருந்தது. காலையில் ஒன்று, இரவில் ஒன்று, ஆகாரத்திற்குப் பின் என்று தெளிவாகக் குறித்திருந்தது. சீட்டின் அடியில், இடம் மிச்சமிருந்த மூலையில், "வாக்கிங்" என்று ஒரே ஒரு சொல் எழுதப்பட்டிருந்தது. எவ்வளவு? எந்த வேளையில்? ஆகாரத்துக்கு முன்பா, பின்பா? எவருக்கு ஆகாது? ஒரு விவரமும் இல்லை. மாத்திரைக்கு உள்ள மரியாதை நடைக்குக் கிடைக்கவில்லை.

வைத்தியரைக் குறை சொல்லி என்ன பயன்? வாசலில் நாற்பது பேர் காத்திருக்கிறார்கள். ஆனால் அந்த ஒற்றைச் சொல்லைப் பற்றி இந்த ஐந்து வருஷத்தில் நான் படித்தும், கேட்டும், என் தேகத்திலேயே பரிசோதித்தும் அறிந்தவற்றைத் தொகுத்துச் சொன்னால், மேற்படி பத்துக் கோடியில் சிலருக்காவது உபயோகப்படும் என்று எண்ணுகிறேன். நான் சொல்ல விரும்புவது ஒன்றே: தேகாப்பியாசம் நீரிழிவுக்கு ஒரு மருந்து. மருந்து என்றால் அதற்கு அளவு உண்டு, வேளை உண்டு, குணம் உண்டு, எச்சரிக்கையும் உண்டு.

*

நடப்பதனால் சர்க்கரை எப்படிக் குறைகிறது? "வியர்வை வழியாகச் சர்க்கரை வெளியேறுகிறது" என்று நினைப்பவர்கள் அநேகர். அப்படி ஒன்றுமில்லை. வகுப்பில் பிள்ளைகளுக்கு நான் சொல்லுகிற மாதிரியே இங்கும் சொல்லிவிடுகிறேன்.

ஆரோக்கியமான மனிதனுடைய இரத்தம் முழுவதிலும் ஒரு சமயத்தில் இருக்கும் சர்க்கரை சுமார் 5 கிராமுக்கு மேலில்லை. அதாவது ஒரு சிறு கரண்டி. ஆனால் ஒரு வேளைச் சாதத்திலிருந்து உண்டாகும் சர்க்கரையோ அதைப்போல் பத்து மடங்குக்கு மேல் இருக்கும். இவ்வளவும் இரத்தமென்னும் குறுகிய தெரு வழியாக வந்து, உரிய களஞ்சியங்களுக்குப் போய்ச் சேர வேண்டும். ஈரலில் ஒரு களஞ்சியம் இருக்கிறது. அதில் சுமார் 100 கிராம் கொள்ளும். தேகத்தின் தசைகள் எல்லாம் சேர்ந்து மற்றொரு களஞ்சியம். அதில் சுமார் 400 கிராம் கொள்ளும். ஆகவே பெரிய களஞ்சியம் நமது கையிலும் காலிலும் முதுகிலும் இருக்கிறது என்பதை முதலில் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் களஞ்சியத்தின் கதவைத் திறக்கும் சாவிதான் இன்ஸுலின். கணையத்திலிருந்து அது புறப்பட்டு வந்து தசையைத் தொட்டவுடன், தசையின் உள்ளே பதுங்கியிருக்கும் 'க்ளூட்-4' என்ற புரதம் மேற்பரப்புக்கு வந்து சர்க்கரையை உள்ளே அழைத்துக்கொள்ளுகிறது. என்னைப் போன்றவர்களுக்கு உள்ள இரண்டாம் வகை நீரிழிவில் சாவி இருக்கிறது. பூட்டுத்தான் துருப்பிடித்துப் போயிருக்கிறது. சாவியை எத்தனை தரம் திருப்பினாலும் கதவு சரியாகத் திறப்பதில்லை. களஞ்சியம் காலியாக இருக்க, தெருவில் மூட்டைகள் குவிகின்றன.

இங்கேதான் இயற்கையின் தயை தெரிகிறது. தசை வேலை செய்யும்போது, இன்ஸுலினுக்காகக் காத்திராமல், அதே க்ளூட்-4 வேறொரு கட்டளையினால் மேற்பரப்புக்கு வருகிறது. முன்வாசற் பூட்டு துருப்பிடித்த வீட்டில் கொல்லைப்புறக் கதவு ஒன்று இருப்பது போல! இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களுக்கும் இந்தக் கொல்லைக் கதவு கெடுவதில்லை. காலை எடுத்து வைத்தால் அது திறந்துகொள்ளுகிறது.

அன்றியும், நடையை முடித்து உட்கார்ந்த பிறகும் வேலை நின்றுவிடுவதில்லை. செலவழிந்த சர்க்கரையைத் திரும்ப நிரப்பிக்கொள்ளத் தசை முயலுகிறது. அதனால் அடுத்த ஒரு நாள், சிலருக்கு இரண்டு நாள் வரையில், இன்ஸுலின் சொல்வதைத் தசை முன்னைவிட நன்றாகக் கேட்கிறது. அதற்குப் பிறகு பழைய மந்தம் திரும்பிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் மட்டும் பத்து மைல் நடந்துவிட்டு, மற்ற ஆறு நாட்களும் சாய்வு நாற்காலியில் கிடப்பவருக்குப் பலன் ஏன் நிலைப்பதில்லை என்பது இதனால் விளங்கும். தொடர்ந்தாற்போல் இரண்டு நாட்களுக்கு மேல் சும்மா இருக்கலாகாது என்று வைத்தியர்கள் சொல்லும் விதிக்கும் காரணம் இதுவே.

*

படித்ததை நம்புவதைவிடப் பார்த்ததை நம்புவது உபாத்தியாயர்களின் சுபாவம். விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துச் சர்க்கரையைக் காட்டும் சிறு யந்திரம் ஒன்று என்னிடம் இருக்கிறது. இரண்டு வார காலம் ஒவ்வோர் இரவும் ஒரே மாதிரி ஆகாரம் சாப்பிட்டேன்: மூன்று இட்டிலி, சாம்பார், சிறிது சட்டினி. ஒரு நாள் சாப்பிட்டதும் மாணவர்களின் நோட்டுப் புத்தகங்களைத் திருத்த உட்கார்ந்தேன். மறுநாள் சாப்பிட்ட கால் மணிக்குள் புறப்பட்டு, எங்கள் கும்பகோணத்து மகாமகக் குளக்கரையில் பதினைந்து நிமிஷம் நடந்தேன். இப்படியே ஒன்றுவிட்டு ஒரு நாள். சாப்பிட்டு ஒரு மணி நேரத்திற்குப் பிறகு அளந்ததில், உட்கார்ந்த நாட்களின் சராசரி 212. நடந்த நாட்களின் சராசரி 174. இட்டிலி அதே இட்டிலி. மாத்திரை அதே மாத்திரை. வித்தியாசம் பதினைந்து நிமிஷ நடைதான்.

ஒருத்தியின் இரண்டு வாரக் கணக்கு விஞ்ஞானமாகிவிடாது. ஆனால் நியூஸிலாந்தில் ஒடாகோ சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்கள் 2016-ம் வருஷம் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று உண்டு. இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 41 பேர் அதில் சேர்ந்திருந்தார்கள். அவர்களைச் சில நாள் தினம் 30 நிமிஷம் இஷ்டப்பட்ட நேரத்தில் நடக்கச் சொன்னார்கள். வேறு சில நாள் மூன்று வேளை ஆகாரத்துக்குப் பின்னும் பத்துப் பத்து நிமிஷம் நடக்கச் சொன்னார்கள். மொத்த நேரம் ஒன்றுதான். ஆயினும் ஆகாரத்துக்குப் பின் நடந்தபோது, சாப்பாட்டினால் ஏறும் சர்க்கரை சராசரி 100-க்கு 12 வீதம் குறைவாக இருந்தது. இரவு ஆகாரத்துக்குப் பின் 100-க்கு 22 வீதம் குறைந்தது. வேளை என்பது மருந்துக்கு எவ்வளவு முக்கியமோ அவ்வளவு நடைக்கும் முக்கியம் என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

காலை ஐந்து மணிக்கு எழுந்து நடப்பவர்களை நான் தடுக்கவில்லை. அது மனத்துக்கும் இருதயத்துக்கும் மிக நல்லது. ஆனால், "ஐந்து மணிக்கு எழ முடியவில்லை, ஆகையால் நடக்கவில்லை" என்று சொல்லும் சகோதர சகோதரிகளுக்கு இது ஒரு நற்செய்தி. சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டுத் தெருக்கோடி வரையில் போய்வந்தால், அதற்கும் பலன் உண்டு.

*

இது மேல்நாட்டார் புதிதாகக் கண்டுபிடித்த விஷயமென்று நினைக்க வேண்டாம். நமது ஸுச்ருதருடைய வைத்திய நூலில் பிரமேகம் என்ற பெயரில் இந்த வியாதி வர்ணிக்கப்பட்டிருக்கிறது. பிறவியிலேயே வருவது ஒன்று, தவறான ஆகாரத்தினாலும் நடத்தையினாலும் வருவது மற்றொன்று என்று அவர் இரண்டாகப் பிரிக்கிறார். முதலாமவர் பெரும்பாலும் மெலிந்தவர். இரண்டாமவர் பெரும்பாலும் பருத்தவர். பருத்தவருக்கு அவர் சொல்லும் சிகிச்சை கேட்பதற்கே மூச்சு வாங்கும். குடையும் செருப்புமின்றி, ஓர் ஊரில் ஓர் இரவுக்கு மேல் தங்காமல், பிக்ஷை வாங்கி உண்டு, நூறு யோசனை தூரம் நடக்க வேண்டும். அல்லது கிணறு வெட்ட வேண்டும். இத்தனையும் சொல்லிவிட்டு, மெலிந்த நோயாளியை மட்டும் எப்போதும் காப்பாற்றி வரவேண்டும் என்று எச்சரிக்கிறார்.

இன்று நாம் கூறும் இரண்டு வகைகளும் அவர் கூறியவையே என்று நான் சாதிக்க வரவில்லை. ஆனால் ஒரே மருந்து ஒருவருக்கு அமிர்தமாகவும் மற்றொருவருக்கு ஆபத்தாகவும் இருக்கக்கூடும் என்பதை அந்த மகான் கண்டிருக்கிறார். பாதத்தில் உணர்ச்சி குறைந்த நீரிழிவுக்காரர்கள் செருப்பில்லாமல் நடக்கவே கூடாது என்பது மாத்திரம் பிற்காலத்தில் நாம் கற்ற பாடம்.

அந்த மெலிந்த நோயாளியை நான் பார்த்தது ஏட்டில் அல்ல, எட்டாம் வகுப்பில்.

*

சில வருஷங்களுக்கு முன் என் வகுப்பில் பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் இருந்தான். விளையாட்டுப் பீரியடில் மற்றப் பிள்ளைகள் மைதானத்தில் கபடி ஆடுவார்கள். இவன் மட்டும் வேப்பமரத்தடியில் அவர்களுடைய செருப்புகளுக்கும் தண்ணீர்ப் பாட்டில்களுக்கும் காவலாக உட்கார்ந்திருப்பான். அவனுக்கு முதல் வகை நீரிழிவு. கணையத்தில் இன்ஸுலின் சுரப்பதே நின்றுபோய், தினம் நான்கு முறை ஊசி போட்டுக்கொள்ளுகிறவன். முந்தின வருஷம் வேறொரு பள்ளிக்கூடத்தில் ஓடும்போது மயங்கி விழுந்தானாம். அன்று முதல் எவரும் அவனை ஓட விடவில்லை. பயந்தவர்கள்மேல் குற்றம் சொல்லவும் முடியாது.

ஒரு நாள் அவனுடைய தாயார் வந்தாள். வீட்டில் தையல் மெஷின் வைத்துப் பிழைப்பவள். "டீச்சர், ஓடினால் மயக்கம் வருகிறது, ஓடாமல் உட்கார்ந்திருந்தால் சர்க்கரை ஏறுகிறது. இரண்டு பக்கமும் கிணறாக இருக்கிறதே, நான் என்னதான் செய்யட்டும்?" என்று கேட்டாள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு, "பகவான்மேல் பாரத்தைப் போடுங்கள், அம்மா" என்று சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

இந்தக் கேள்விக்குச் சரியான பதில் நூறு வருஷங்களுக்கு முன்பே கிடைத்துவிட்டது. 1921-ம் வருஷத்தில் கானடா தேசத்து டொரோன்டோ நகரில் பான்டிங், பெஸ்ட் என்ற இருவர், மக்லவுட் என்ற பேராசிரியரின் ஆய்வுசாலையில் இன்ஸுலினைப் பிரித்தெடுத்தார்கள். 1922-ம் வருஷம் ஜனவரி மாதத்தில், மரணத்தை எதிர்நோக்கியிருந்த பதினாலு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அதை முதன் முதலாகக் கொடுத்தார்கள். அது வந்திராவிட்டால் என் மாணவன் என் வகுப்புக்கே வந்திருக்க மாட்டான்.

இன்ஸுலினால் உயிர் தப்பியவர்களில் ராபின் லாரன்ஸ் என்ற பிரிட்டிஷ் வைத்தியரும் ஒருவர். அவரும் நீரிழிவுக்காரர். இத்தாலி தேசத்தில் சாகத் தயாராக இருந்தவர், 1923-ம் வருஷம் லண்டனுக்குத் திரும்பி இன்ஸுலின் போட்டுக்கொண்டு பிழைத்தார். பிழைத்தவர் சும்மா இருக்கவில்லை. ஒரே அளவு இன்ஸுலின், உட்கார்ந்திருக்கும் நாளைவிட உழைக்கும் நாளில் சர்க்கரையை மிக அதிகமாக இறக்குகிறது என்பதை 1926-ம் வருஷத்தில் எடுத்துக் காட்டினார். உழைக்கும் தசை தானாகவே ஒரு கதவைத் திறக்கிறது. ஊசியில் வந்த இன்ஸுலின் மற்றொரு கதவைத் திறக்கிறது. இரண்டு கதவும் ஒரே சமயத்தில் திறந்தால் தெரு வெறிச்சென்று ஆகிவிடாதா? கணையம் சரியாக உள்ளவனுக்கு, ஓட ஆரம்பித்தவுடன் இன்ஸுலின் சுரப்பது தானே குறையும். ஊசியில் ஏற்றிய இன்ஸுலினை யார் திரும்பி அழைப்பது? அதுதான் பையனை மைதானத்தில் விழச் செய்த ரகசியம்.

நானும் அந்தத் தாயும் பையனும் அவனுடைய வைத்தியரிடம் போனோம். அவர் பொறுமையாக அரைப் பக்கம் எழுதித் தந்தார். விளையாடும் நாளில் காலை இன்ஸுலினை எவ்வளவு குறைப்பது என்று அவரே கணக்கிட்டார். ஓடும் நாளில் ஊசியைத் தொடையில் போடலாகாது. ஓடும் தொடையிலிருந்து மருந்து விரைவாக இரத்தத்தில் சேர்ந்துவிடும். ஆகவே வயிற்றில் போடவேண்டும் என்றார். மைதானத்தில் இறங்குமுன் சர்க்கரையை அளக்க வேண்டும். 100-க்குக் குறைவாக இருந்தால் ஒரு வாழைப்பழம் தின்றுவிட்டு இறங்க வேண்டும். 250-க்கு மேலிருந்து, சிறுநீரில் கீட்டோன் என்ற நஞ்சும் தென்பட்டால் அன்று ஆட்டமே கூடாது. சட்டைப் பையில் எப்போதும் குளுகோஸ் பொட்டலம் இருக்க வேண்டும். விளையாடிய நாள் இரவில் படுக்குமுன் மறுபடி அளக்க வேண்டும். ஏனென்றால், காலியான களஞ்சியத்தைத் தசைகள் இரவெல்லாம் நிரப்பிக்கொள்ளும்போது தூக்கத்தில் சர்க்கரை இறங்கிவிடக் கூடும்.

மறுவாரம் பையன் இருபது நிமிஷம் கபடி ஆடினான். இறங்கும்போது 138, ஏறும்போது 97. தாயார் மைதானத்து வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது வாரம் அவன் கைகள் நடுங்கின, வியர்த்துக் கொட்டிற்று, யந்திரம் 62 என்றது. ஆட்டத்தை நிறுத்தி 15 கிராம் குளுகோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தான். பதினைந்து நிமிஷம் பொறுத்து அளந்ததில் 98 ஆயிற்று. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்தைந்து பேரும் சுற்றி நின்று இதைப் பார்த்தார்கள். 70-க்குக் கீழே போனால் என்ன செய்வது என்பதை நான் பிறகு பாடம் நடத்தித் தெரிவிக்க வேண்டிய அவசியமே ஏற்படவில்லை.

இன்னொரு வேடிக்கையும் நடந்தது. ஆண்டு விழாவில் நூறு மீட்டர் ஓட்டத்தில் பையன் சேர்ந்தான். ஓட்டத்துக்கு முன் 145 இருந்த சர்க்கரை, ஓடி முடித்ததும் 196 ஆகிவிட்டது. "ஓடினால் குறையும் என்றீர்களே, டீச்சர்!" என்று தாயார் திகைத்தாள். வேகமான சிறு ஓட்டத்திலும், போட்டியின் பரபரப்பிலும் அட்ரினலின் என்ற சுரப்பு பெருகி, ஈரலின் களஞ்சியத்தைத் திறந்துவிடுகிறது. 'எதிரி வருகிறான், எடுத்துக்கொள்' என்று தேகம் சர்க்கரையை வாரி இறைக்கிறது. ஒன்றிரண்டு மணி நேரத்தில் அது பெரும்பாலும் தானே இறங்கும். இதைக் கண்டு பயந்து உடனே அதிக இன்ஸுலின் போட்டால்தான் ஆபத்து. நிதான நடை இறக்கும்; மூச்சு முட்டும் ஓட்டம் சிறிது நேரம் ஏற்றும். ஒரே மருந்துக்கு இரண்டு குணம்!

*

நிற்க. பெரியவர்களுக்கு வருவோம். மாத்திரை மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இவ்வளவு பயம் வேண்டியதில்லை. மெட்பார்மின் மாத்திரம் உட்கொள்ளுகிறவர்களுக்கு நடையினால் சர்க்கரை அபாயமாக இறங்குவது அபூர்வம். இன்ஸுலின் போடுகிறவர்களும், கிளிமிபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களும் பட்டினியாக நெடுந்தூரம் நடக்கலாகாது. பையில் குளுகோஸ் இருக்கட்டும். மார்பில் வலியோ மூச்சுத் திணறலோ உள்ளவர்களும், கண்ணின் பின்திரையில் இரத்தக் கசிவு கண்டவர்களும் வைத்தியரைக் கேளாமல் கடினமான அப்பியாசத்தில் இறங்க வேண்டாம். நடந்து வந்ததும் பாதத்தைத் திருப்பிப் பார்த்துக்கொள்ளுவது நல்ல பழக்கம்.

அளவு எவ்வளவு? வாரத்தில் 150 நிமிஷம் சற்று வேகமான நடை என்பது பொது விதி. பேச முடியும், பாட முடியாது என்னும்படியான வேகம். அத்துடன் வாரத்தில் இரண்டு மூன்று நாள் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும். அதற்குப் பணம் கட்டி எங்கும் போகவேண்டியதில்லை. பிள்ளையாருக்கு முன் நாம் போடும் தோப்புக்கரணம் இருக்கிறதே, அது தேகத்திலுள்ள மிகப் பெரிய தசைகளுக்கு வேலை கொடுக்கிறது. களஞ்சியம் பெரிதானால் சர்க்கரைக்கு இடமும் பெரிதாகும் அல்லவா?

"வீட்டு வேலை போதாதா?" என்று என் தோழிகள் கேட்கிறார்கள். ஓரளவு போதும், பெருக்குவதும் துடைப்பதும் துவைப்பதும் கணக்கில் சேர்ந்தவையே. ஆனால் அம்மியும் உரலும் கிணற்றுக் கயிறும் செய்துவந்த வேலையை இன்று மின்சாரம் செய்கிறது. அவற்றைத் திரும்பக் கொண்டுவர வேண்டுமென்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். அம்மிக்கும் உரலுக்கும் முதுகைக் கொடுத்த பெண்களை நான் அறிவேன். மின்சாரம் மிச்சப்படுத்திக் கொடுத்த நேரத்தில் பத்து நிமிஷத்தைத் தங்கள் தேகத்துக்கென்று வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் வேண்டுகோள். இரவு உண்டபின் பெண்கள் தெருவில் நடந்தால் கேலி செய்வார்களே என்றால், இருவர் மூவராகப் போகலாம், கூடத்திலேயே நடக்கலாம், மாடிப்படி ஏறி இறங்கலாம்.

இந்த மருந்தின் பலன் ஆராய்ச்சிகளில் நிரூபணமாகியிருக்கிறது. சீன தேசத்தில் டாசிங் என்ற நகரில் 1986-ம் வருஷம் ஆரம்பித்த ஆராய்ச்சியில், நீரிழிவின் வாசற்படியில் நின்ற 577 பேரை ஆறு வருஷம் கவனித்தார்கள். தேகாப்பியாசம் செய்தவர்களில் நீரிழிவு வரும் வேகம் 100-க்கு 46 வீதம் குறைந்தது. நமது சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் முதலானோர் 531 பேரை வைத்து நடத்தி, 2006-ம் வருஷம் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஆகாரத்தைத் திருத்தி, நடையைக் கூட்டியவர்களுக்கு 100-க்கு 28.5 வீதம் அபாயம் குறைந்தது. மெட்பார்மின் மாத்திரை மட்டும் கொடுத்தவர்களுக்கு 26.4 வீதம். ஆக, நம் ஜனங்களின் தேகத்தில் கால் நடையும் ஆகார நியமமும் சேர்ந்து மாத்திரைக்குச் சமானமாக நின்றிருக்கின்றன. நடையினால் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று இதற்கு அர்த்தமில்லை. குறைப்பதும் நிறுத்துவதும் வைத்தியருடைய வேலை.

*

1930-ம் வருஷம் ஏப்ரல் 13-ந் தேதி ராஜாஜியின் தலைமையில் திருச்சியிலிருந்து புறப்பட்ட தொண்டர்கள், எங்கள் கும்பகோணத்தின் வழியாகச் சுமார் 150 மைல் நடந்து, 28-ந் தேதி வேதாரண்யம் சேர்ந்தார்கள். சித்திரை வெய்யிலில் தினம் பத்து மைல். அவர்கள் நடந்த அதே சாலையில் இன்று நாம் தெருக்கோடிக் கடைக்குக் கறிவேப்பிலை வாங்க ஸ்கூட்டரில் போகிறோம். 2014-ம் வருஷம் வெளியான ஒரு கணக்கில், ஆராயப்பட்ட இந்தியர்களில் பாதிப் பேருக்கு மேல் போதிய தேக உழைப்பு இல்லாதவர்கள் என்று கண்டிருக்கிறது. நடந்து சுதந்திரம் வாங்கிய தேசத்துக்கு இது அழகா?

நோய் வந்தபின் நடப்பதைவிட, வருமுன் நடப்பது உத்தமம். அந்தப் பழக்கத்துக்கு வித்து பள்ளிக்கூடத்து மைதானத்தில் இருக்கிறது. நமது பள்ளிகளிலோ பரீட்சை நெருங்கியதும் முதலில் பறிபோவது விளையாட்டுப் பீரியட்தான். கணக்குக்கு ஒன்று, விஞ்ஞானத்துக்கு ஒன்று என்று அதைக் கடன் வாங்குகிறார்கள். வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுத்த உபாத்தியாயரைப் பற்றி நான் கேள்விப்பட்டதில்லை. அந்தக் கடனுக்குரிய வட்டியை நம் பிள்ளைகள் நாற்பதாவது வயதில் செலுத்துவார்கள்.

வைத்தியர்களுக்கு ஒரு விண்ணப்பம்: சீட்டின் மூலையில் எழுதும் அந்த ஒற்றைச் சொல்லை நடுவில் எழுதுங்கள், எத்தனை நிமிஷம், எந்த வேளை, என்ன ஜாக்கிரதை என்பவற்றையும் சேர்த்து எழுதுங்கள். பெற்றோர்களுக்கு ஒரு விண்ணப்பம்: உங்கள் குழந்தைக்கு நீரிழிவு இருந்தால் வைத்தியரைக் கேட்டு, அளவு அறிந்து, மைதானத்துக்கு அனுப்புங்கள். இதைப் படித்து முடித்த நேயர்களுக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. இன்று இரவு சாப்பிட்டவுடன் பத்திரிகையைக் கையில் எடுக்காதீர்கள். அது காத்திருக்கும். பத்து நிமிஷம் நடந்துவிட்டு வந்து படியுங்கள்.